பூட்டு என்று நினைத்தது

மருத்துவக் கல்லூரிகளின் மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் அன்று ஓர் உருளை இருக்கும். வழவழப்பான தாளை அதன்மேல் சுற்றி, புகையும் சுடரில் காட்டிக் கரியேற்றுவார்கள். உருளை மெல்லச் சுழல, எழுதுமுள் கரியைச் சுரண்டி வெள்ளைக்கோடு இழுக்கும். விலங்கின் ரத்தநாளத்தில் அட்ரினலின் சென்றதும் ரத்த அழுத்தத்தைக் காட்டும் கோடு மலைபோல் எழும்பும், சற்று நேரத்தில் தாழும். பிறகு தாளை வார்னிஷில் முக்கிக் காயப்போடுவார்கள். விரலிலும் சட்டையிலும் கரி.

இன்று அதே மலையைக் கணினித் திரையில் மென்பொருள் வரைகிறது. எந்த உயிரும் சாக வேண்டியதில்லை. அது பெரிய ஆறுதல். ஆனால் திரையில் வரும் மலை ஒவ்வொரு முறையும் ஒரே மலைதான். கரித்தாளில் அப்படி இல்லை. இரண்டாம் ஊசிக்கு எழும்பியது முதலாவதைவிடக் குட்டையாக இருந்தால், ஏன் என்று கேட்கத் தோன்றும்.

அந்தக் கேள்விக்கு அன்று பதில் இல்லை. 1895 வாக்கில் லண்டனில் ஆலிவரும் ஷேஃபரும் அட்ரினல் சுரப்பிச் சாறு ரத்த அழுத்தத்தை உயர்த்துவதைக் காட்டினார்கள். எதைத் தொட்டு உயர்த்துகிறது என்பது தெரியாது. 1905இல் லாங்லி, செல்லில் மருந்தை ஏற்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்றார். 1948இல் அமெரிக்காவின் ஆல்குவிஸ்ட், அந்தப் பொருள், அதாவது ஏற்பி, ஒன்றல்ல, ஆல்ஃபா, பீட்டா என இரண்டு என்றார்; ஆல்ஃபா ரத்தக்குழாயைச் சுருக்கும், பீட்டா தளர்த்தும். ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பிய கட்டுரை அது! அவருக்கே ஏற்பி என்பது கண்ணால் காணும் பொருளல்ல, கணக்கைச் சரிக்கட்டும் கருத்து மட்டுமே.

அன்று இரண்டு. இன்று அட்ரினலினுக்கு மட்டும் ஒன்பது ஏற்பிகள். 1986இல் லெஃப்கோவிட்ஸ், கோபில்கா குழுவினர் ஒரு பீட்டா ஏற்பியின் மரபணுவைப் பிடித்தார்கள். செல்லுறையை ஏழு முறை ஊடுருவி நெளியும் புரதம் அது. 2012இல் இருவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

எண்ணிக்கை கூடியதைவிடப் பெரிய மாற்றம் வேறு. அன்று ஏற்பியைப் பூட்டு என்றார்கள், ஹார்மோனைச் சாவி என்றார்கள். பூட்டு கதவிலேயே இருக்கும். ஏற்பி அப்படி இருப்பதில்லை. ஹார்மோன் விடாமல் தட்டினால், சில வினாடிகள், நிமிடங்களுக்குள் ஏற்பியில் பாஸ்பேட் ஏறுகிறது. அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டி அதன் பேச்சை நிறுத்துகிறது. பல ஏற்பிகள் அத்தோடு செல்லுக்குள் இழுக்கப்படுகின்றன. சில கழுவித் துடைத்தாற்போல் மறுபடி மேலே வருகின்றன, சில உள்ளேயே சிதைகின்றன. நாள்கணக்கில் நீடித்தால் புதிதாகச் செய்வதும் குறைகிறது. எதிர்த்திசையும் உண்டு: கெட்ட கொழுப்பு மிகுந்தால் ரத்தக்குழாய்த் தசையில் ஆஞ்சியோடென்சின் ஏற்பிகள் பெருகுகின்றன, ஈஸ்ட்ரோஜன் அவற்றைக் குறைக்கிறது.

மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விடுகிறவர்கள் இதை அறியாமலே அறிந்தவர்கள். முதல் நாள் வீங்கிய நாளங்கள் சுருங்கி மூச்சு திறக்கும். ஒரு வாரம் தொடர்ந்து விட்டால் முன்னைவிட மோசமாக அடைக்கும். ‘உடம்புக்குப் பழகிப்போச்சு’ என்பார்கள் பாட்டிமார். ஆல்ஃபா ஏற்பிகள் ஒடுங்குவது அதற்கு ஒரு காரணம் என்கிறது இன்றைய பாடநூல். பாட்டி சொன்னது அதைவிடச் சுருக்கம், தவறும் அல்ல.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த மலையை இன்றும் உயிரோடு பார்க்கலாம். தமனியில் செருகிய குழாயிலிருந்து ரத்த அழுத்தம் திரையில் கோடாக ஓடுகிறது. கிருமி ரத்தத்தில் பரவிய நோயாளிக்கு நார்அட்ரினலின் பம்ப்பை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கோடு எழ மறுக்கிறது. அன்றானால் அளவை மேலும் கூட்டியிருப்பார்கள். இன்று அந்த மருந்து தொடும் ஆல்ஃபா ஏற்பிகள் ஓய்ந்திருக்கலாம் என்று கருதி, வேறு ஏற்பியைத் தொடும் வாசோபிரெசினைச் சேர்க்கிறார்கள். ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள், குழாய்கள் பழைய மருந்துக்கு மீண்டும் இணங்கட்டும் என்று. சில வேளை கோடு ஏறுகிறது.