இரவல் காது

பேருந்தில் ஜன்னலோர இருக்கை, காதில் இயர்போன். நண்பர் அனுப்பிய ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டேன். சலூன் கடை. நாற்காலி இழுபடுகிறது. கத்தரிக்கோல் இடது காதோரம் 'சக் சக்' என்று வெட்டிக்கொண்டே பிடரிப் பக்கம் நகர்கிறது. என்னையறியாமல் கை போய்ப் பிடரியைத் தடவியது. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால், முடிவெட்டுபவர் பேசிக்கொண்டே முன்னால் வந்து நிற்க வேண்டிய இடத்தில் அவர் வரவே இல்லை. கடைசிவரை முதுகுக்குப் பின்னால் நின்றே பேசினார். இரவு வீட்டில் அதே பதிவை மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். "முன்னாலதானே நிக்கிறாரு, மூக்குக்கு நேரா!" என்றாள்.

ஒரே போன், ஒரே இயர்போன், ஒரே பதிவு. ஆள் மட்டும் அவளுக்கு முன்னால், எனக்குப் பின்னால்.

கண்ணுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இடப்பக்கப் பொருளின் ஒளி விழித்திரையில் ஓரிடத்தில் விழும், வலப்பக்கப் பொருளின் ஒளி வேறிடத்தில் விழும். உள்காது அப்படியொரு வரைபடம் தருவதில்லை. கனத்த ஒலி, கீச்சொலி என்று பிரித்துத் தருவதோடு அதன் வேலை முடிந்தது. சத்தம் எந்தப் பக்கம் என்பதை மூளைதான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

இடமா வலமா என்பது எளிய கணக்கு. வலப்பக்கம் யாராவது கைதட்டினால் ஒலி வலது காதை முதலில் எட்டும். தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குப் போக மேலும் 0.6 அல்லது 0.7 மில்லி விநாடி ஆகும். இதுதான் அதிகபட்ச இடைவெளி. ஒலி நேர் முன்னாலிருந்து சற்றே மட்டும் விலகியிருந்தால் இந்த வித்தியாசம் மிக நுணுகிவிடும். ஒரு விநாடியை லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு, அதாவது 10 மைக்ரோ விநாடி அளவு வித்தியாசத்தைக்கூடப் பழகிய காதுகள் உணர்கின்றன. நரம்பில் ஓடும் ஒரு துடிப்பே ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி நீடிக்கும். நாழிகை வட்டிலை வைத்துக்கொண்டு நொடியை அளப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கீச்சொலிகளுக்கு மூளை இன்னொரு வழி வைத்திருக்கிறது. அவற்றைத் தலை மறைத்துவிடுவதால் எதிர்ப்பக்கக் காதில் சத்தம் குறைந்து கேட்கும். கனத்த ஒலிக்கு நேரக் கணக்கு, கீச்சொலிக்குச் சத்த அளவுக் கணக்கு என்று 1907-இல் பிரித்துச் சொன்னவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு. வானம் ஏன் நீலம் என்று விளக்கியவரும் அவர்தான்.

அதே ராலே அதற்கு 30 ஆண்டுகள் முன்பே தம் வீட்டுப் புல்வெளியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று ஒன்றைக் கவனித்திருந்தார். இசைக்கவையைத் தட்டினால் இடம், வலம் தப்பாமல் தெரிந்தது. முன்னாலா பின்னாலா என்பது மட்டும் பிடிபடவில்லை. மனிதர்கள் பேசினால் அந்தக் குழப்பமும் இல்லை. இசைக்கவையில் முன் பின் குழம்பியதன் காரணம் யோசித்தால் புரியும். மூக்குக்கு நேர் எதிரே இருந்தாலும் பிடரிக்கு நேர் பின்னே இருந்தாலும் ஒலி இரண்டு காதையும் ஒன்றாகத்தான் எட்டுகிறது, ஒரே அளவு சத்தத்தோடு. உச்சந்தலைக்கு மேலே இருந்தாலும் அதே கதைதான்.

இந்த இடத்தில்தான் கம்மல் மாட்டவும் வாத்தியார் திருகவும் மட்டுமே பயன்படுவதாக நாம் நினைத்திருக்கும் காது மடல் வேலைக்கு வருகிறது. அதன் மேடு பள்ளங்களில் ஒலி மோதித் தெறிக்கிறது. நேராகக் காதுக்குள் போன அலையும் தெறித்துப் போன அலையும் சேரும்போது சில அதிர்வெண்கள் அடிபட்டுப்போகின்றன. ஒலி மேலிருந்து வந்தால் ஓர் அதிர்வெண் அடிபடும், கீழிருந்து வந்தால் வேறொன்று. முன், பின் மாறினாலும் அப்படித்தான். ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நடக்கும் கூத்து இது. இசைக்கவையின் ஒற்றைச் சுருதியில் அடிபட வேறெதுவும் இல்லை. பேச்சில் நிறைய உண்டு. ராலேயின் புல்வெளிக் குழப்பம் இதில் தீர்ந்துவிடுகிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடி உட்காருங்கள். நெற்றி, உச்சி, பிடரி என்று நடுக்கோட்டிலேயே மாற்றி மாற்றி யாரையாவது சாவிக்கொத்தைக் குலுக்கச் சொல்லுங்கள். தலையை அசைக்கக் கூடாது. பிறகு மடல்களின் பள்ளங்களை மட்டும் களிமண்ணால் நிரப்பிக்கொண்டு (காதுத் துளையை அடைத்துவிட வேண்டாம்) மறுபடி முயலுங்கள். இப்போது திசை குழம்பும்.

இயர்போன் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஒலியை மடலைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. திசை முத்திரை குத்தும் சோதனைச்சாவடியைச் சுற்றிக்கொண்டு போகும் லாரிபோல. முத்திரையில்லாத ஒலியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மூளை அதை மண்டைக்குள்ளேயே இறக்கி வைத்துவிடுகிறது. சாதாரண ஸ்டீரியோ பாட்டு இரண்டு காதுக்கும் நடுவே, தலைக்குள் கேட்பது இதனால்தான்.

அப்படியானால் முத்திரையை முன்கூட்டியே குத்தி அனுப்பினால்? 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வகத்தார் 'ஆஸ்கர்' என்ற பொம்மையைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். அதன் ஒவ்வொரு காதருகேயும் ஒரு மைக். வெளியே ஹெட்போனோடு நின்றவர்களுக்கு ஆஸ்கர் கேட்பதெல்லாம் கேட்டது. என் சலூன் பதிவும் இந்த வகைதான். பின்னாளில் பொம்மைகளுக்கு அச்சு அசலான ரப்பர் மடல்களும் வந்தன. 1994-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கெமார் என்ற பொம்மையைச் சுற்றி 710 இடங்களிலிருந்து ஒலி எழுப்பி, ஒவ்வொரு திசையிலும் அதன் காது ஒலியை எப்படித் திருத்துகிறது என்று அளந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். எந்த ஒலியையும் அந்தத் திருத்தத்தின் வழியே கணினியில் செலுத்தினால் அது விரும்பிய திசைக்குப் போய்விடும்.

போகும், கெமாரின் காது உங்களுக்கு இருந்தால். மடலின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. இடம் வலம் யாருக்கும் சரியாகவே இருக்கும். மேல் கீழும் முன் பின்னும்தான் இரவல் காதில் தடுமாறும். ஒருவருடைய சொந்தக் காதிலேயே குட்டி மைக் வைத்து அளந்து கொடுத்தால் ஹெட்போன் ஒலி, எதிரே வைத்த ஸ்பீக்கர் ஒலியை நெருங்கிவிடும் என்று வைட்மன், கிஸ்லர் என்ற இருவர் 1989-இலேயே காட்டினார்கள். அப்போதும் முன் பின் குழப்பம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

மிச்சத்துக்குக் காரணம் கழுத்து. நிஜ வாழ்வில் சந்தேகம் வந்தால் தலையை லேசாகத் திருப்புகிறோம். வலப்பக்கம் திரும்பும்போது இடது காது முந்தினால் சத்தம் முன்னால். வலது காது முந்தினால் பின்னால். ஹெட்போனில் இந்த வித்தை பலிக்காது, தலையோடு சேர்ந்து கச்சேரி மேடையே திரும்பிவிடும். அதனால்தான் இப்போதைய சில இயர்போன்களில் தலையசைவை உணரும் கருவி வைத்து, நாம் திரும்பும்போதெல்லாம் ஒலியை எதிர்ப்பக்கம் திருப்புகிறார்கள். 2022 முதல் ஆப்பிள் போனின் கேமரா நம் காதையே படம் பிடித்து, அதற்கேற்பத் திருத்தம் செய்கிறது. தையற்கடையில் அளவு கொடுப்பதுபோல இனி காதுக்கும் அளவு கொடுக்க வேண்டும். ஆனால், படத்திலிருந்து கணிப்பது, காதுக்குள் மைக் வைத்து அளப்பதற்கு ஈடாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரவல் காது பழகாதா? 1998-இல் நெதர்லாந்தின் நைமேகனில் ஹோஃப்மன் குழுவினர் நான்கு பேருடைய மடல் பள்ளங்களில் அச்சு பொருத்தி, அதோடேயே நடமாட விட்டார்கள். உடனே மேல் கீழ் தெரியாமல் போனது; சில வாரங்களில் மெல்லத் திரும்பி வந்தது. ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். அச்சைக் கழற்றியதும் பழைய காது அந்தக் கணமே வேலை செய்தது. புது வீட்டுப் படிக்கட்டு பழகிய பிறகும் பழைய வீட்டுப் படி கால்களுக்கு மறக்காததுபோல இரண்டு காதுகளும் மூளையில் ஒன்றாகக் குடியிருந்தன.

அவர்கள் நாள் முழுக்க அச்சோடு திரிந்தவர்கள். நான் அந்தச் சலூன் பதிவை இரண்டு வாரம் தினமும் ஒருமுறை கேட்டேன். முடிவெட்டுபவர் இன்னும் முன்னால் வரவில்லை. எந்தப் பொம்மையின் காதை வைத்துப் பதிவு செய்தார்களோ, அது என் மனைவி வழிச் சொந்தம் போலிருக்கிறது.