நுழையும், ஓடும், படிக்காது
மறைந்துபோன எந்திரங்கள் – 17

சென்ற வாரம் ஐ.பி.எம். காலத்து அரை அங்குல டேப் சுருள்களோடு நிறுத்தியிருந்தோம். ஆள் உயரத்துக்கு நின்ற அந்த எந்திரங்களை மேசைக் கணினியின் பக்கத்தில் வைக்க வழியில்லை. சிறிய கணினிகள் பெருகியபோது அந்த இடத்தைப் பிடித்தது, 3எம் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த கால் அங்குல டேப் கேட்ரிட்ஜ். பெயர் டிசி300. அடியில் கனத்த உலோகத் தகடு, மேலே பிளாஸ்டிக் மூடி, கையில் எடுத்தால் ஒரு சிறு புத்தகத்தின் அளவு.

உள்ளே இருந்த வேலைப்பாடு அழகானது. நெகிழும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று இரண்டு சுருள்களையும் அணைத்தபடி ஓடும். டிரைவின் மோட்டார் கேட்ரிட்ஜின் ஓரத்திலுள்ள ஒரு சக்கரத்தைத் தொட்டு உருட்டினால் போதும்; பட்டை நகர, அதன் பிடியில் டேப்பும் நகரும். டேப்பின் நுனியைச் சுருளோடு இணைத்துவைக்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. முடிவு நெருங்குகிறது என்பதை, டேப்பில் இட்ட சிறு துளைகள் வழியே வரும் வெளிச்சத்தை வைத்து டிரைவ் தெரிந்துகொள்ளும். ஒளியுணரியில் தூசி படிந்தால் துளை தெரியாது. டேப் கடைசிவரை ஓடி, கழன்று, ஒரே பக்கமாகச் சுருண்டுவிடும்.

கூடு நன்றாக அமைந்துவிட்டது. அந்த டேப்பில் எழுதும் முறைதான் ஒன்றாக இல்லை. டிரைவ் தயாரித்தவர்கள் கூடிப் பேசித் தரங்களை வகுத்தார்கள். அந்த வரிசைக்குக் கியூ.ஐ.சி. என்று பெயர், வாய்வழக்கில் ‘குவிக்’. முதலில் குவிக்-11, அடுத்து குவிக்-24, பிறகு 120, 150, 525 என்று நீண்டது. எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவக் கூடு. அதனால் எந்தக் கேட்ரிட்ஜும் எந்த டிரைவிலும் நுழையும். நுழைந்ததும் மோட்டார் சுழலும், டேப் ஓடும். அதற்குப் பிறகுதான் திரையில் பிழைச்செய்தி வரும். நுழையவே நுழையாது என்றால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

1980-களின் சன் கணினிகளில் இதை நேராகவே பார்க்கலாம். அவற்றின் யூனிக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள்: ஆர்எஸ்டி0 என்றால் குவிக்-11, ஆர்எஸ்டி8 என்றால் குவிக்-24. டேப் ஒன்றுதான், டிரைவும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் எழுதப்படும் அடையாளக் குறிப்பு இரண்டிலும் வேறு. தவறான பெயரைக் கொடுத்துவிட்டு, டேப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது.

பெயரை மாற்றித் தப்பிக்க முடியாத சிக்கல் அடுத்தது. குவிக்-24 தரத்தில் கால் அங்குல அகலத்துக்குள் 9 தடங்கள். நீண்ட டேப்பில் 60 மெகாபைட் அடங்கும். குவிக்-150-இல் அதே அகலத்துக்குள் 18 தடங்கள். தடம் ஏறக்குறைய பாதியாக மெலிந்தால்தான் அத்தனையும் கொள்ளும். மெலிந்த தடத்துக்கான ஹெட், அகன்ற பழைய தடத்தின் நடுவில் நின்று அதைப் படித்துவிடும். அதே ஹெட் எழுதினால் கோடு மெலிதாகத்தான் விழும்; அகன்ற ஹெட் உள்ள பழைய டிரைவுக்கு அது போதாது. ஆகவே புதிய டிரைவ் பழைய டேப்பைப் படிக்கும், அந்தத் தரத்தில் எழுதாது. டிஜிட்டல் நிறுவனத்தின் டிகே50, டிகே70 டிரைவ்களுக்கிடையிலும் இதே கதைதான்.

விளம்பரத்தில் ‘பழைய டேப்புகளோடு ஒத்துப்போகும்’ என்ற ஒரே வரி. அது ஒருவழிப் பாதை என்பது கையேட்டுக்குள் இருக்கும். பல ஊர் வாடிக்கையாளர்களுக்கு மென்பொருளை டேப்பில் அனுப்புகிறவர், அவர்களில் மிகப் பழைய டிரைவ் வைத்திருப்பவருக்காகத் தானும் ஒரு பழைய டிரைவை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தடமும் தரமும் பொருந்தினாலும் கதை முடியவில்லை. சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகள் கால் அங்குல டேப்பில் எழுதும்போது, வழக்கமாக பைட்டுகளை இரண்டிரண்டாக முன்பின் மாற்றிவிடும். அந்த டேப்பைச் சன் கணினியில் போட்டால் ஒரு பைட்டும் குறையாமல் வரும், ஆனால் டார் நிரல் ‘இது என் கோப்பே இல்லை’ என்று கைவிரித்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் டிடி கட்டளையால் பைட்டுகளைத் திரும்பப் புரட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக் கணினிப் பக்கம் வந்தால் குவிக்-40, குவிக்-80 என்ற குட்டிக் கேட்ரிட்ஜ்கள். விலையைக் குறைக்க, ஃபிளாப்பி டிரைவுக்கான இணைப்பிலேயே இவற்றையும் மாட்டினார்கள். வேகம் அதற்கேற்றபடிதான். கொலராடோ மெமரி சிஸ்டம்ஸின் ஜம்போ 250 அமெரிக்காவில் நன்றாக விற்றது. அந்த 250 என்பது, கோப்புகள் பாதியாகச் சுருங்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. டேப்பின் சொந்தக் கொள்ளளவு 120 மெகாபைட். சுருக்கியது எந்த பேக்கப் மென்பொருளோ, விரிக்கவும் பெரும்பாலும் அதையே தேட வேண்டும். டிரைவ் கிடைத்து, டேப்பும் நல்ல நிலையில் இருந்து, மென்பொருள் இல்லாமல் நின்றுபோகிறவர்கள் இன்றும் உண்டு.

உங்கள் அலுவலக அலமாரியில் இப்படி ஒரு கேட்ரிட்ஜ் கிடந்தால், கிடைத்த டிரைவில் உடனே திணிக்காதீர்கள். டிரைவின் ரப்பர் உருளை இத்தனை ஆண்டுகளில் இளகித் தார்போல ஆகியிருக்கும். தொட்ட இடமெல்லாம் ஒட்டும். கேட்ரிட்ஜின் பட்டையும் பிடி தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். மீட்பவர்கள் உருளைக்குப் புது ரப்பர் போட்டு, வேறொரு கேட்ரிட்ஜின் பட்டையை எடுத்து மாட்டி, மூலையிலுள்ள திருகியை எழுத முடியாத நிலைக்குத் திருப்பிய பிறகே ஓட்டுகிறார்கள். அவர்கள் விரும்பித் தேடுவது குவிக்-150 டிரைவைத்தான்: 24, 120, 150 மூன்றையும் அது படிக்கும். எழுத வேண்டிய தேவை இப்போது யாருக்கும் இல்லையே!

அடுத்த வாரம் டிஏடி டேப். அதில் ஹெட் சாய்வாகச் சுழன்றபடி எழுதும். அதன் சாய்வு சற்றுப் பிசகினாலும், தான் எழுதியதைத் தான் மட்டுமே படிக்கும் டிரைவ்கள் உருவாயின. தரம் ஒன்று, கேட்ரிட்ஜ் ஒன்று, மாடலும் ஒன்று. ஆனாலும் பக்கத்து மேசைக் கணினியால் படிக்க முடியாது.

(தொடரும்)