கோழிக்கு இடும் மருந்தும் குழந்தையின் உயிரும்

கோழியின் குடலில் சால்மோனெல்லா என்னும் கிருமி வாழ்வதுண்டு. சரிவர வேகாத இறைச்சியின் வழியே அது மனிதரை அடைந்தால், பெரும்பாலோருக்கு வயிற்றுப்போக்கும் சுரமும் கண்டு சில தினங்களில் தணிந்துவிடும். ஆனால் சிசுக்களிடத்தும் முதியோரிடத்தும் அக்கிருமி குடலைக் கடந்து இரத்தத்தில் கலந்துவிடக்கூடும். அப்போது உயிரைக் காப்பது தக்க மருந்தே. அம்மருந்துக்கும் கிருமி அடங்காவிடில் செய்வதென்ன?

கனடா நாட்டின் குவிபெக் மாகாண அனுபவம் இவ்விஷயத்தில் நமக்குப் பாடமாகும். அங்குள்ள குஞ்சு பொரிப்பகங்கள், நோய்த் தடுப்பின் பொருட்டு, முட்டையிலேயே செஃப்டியோஃபர் என்னும் மருந்தைச் செலுத்தி வந்தன. கடும் நோயுற்ற குழந்தைகளுக்கு மருத்துவர் அளிக்கும் செஃப்ட்ரையாக்ஸோனும் இதே இனத்தைச் சேர்ந்தது. ஒன்றுக்கு அடங்காத கிருமி மற்றதற்கும் பெரும்பாலும் அடங்குவதில்லை. கடைகளில் விற்ற கோழியிறைச்சியில் காணப்பட்ட ஹைடல்பர்க் வகைச் சால்மோனெல்லாவில் 100-க்கு 62 இவ்வாறு மருந்தை எதிர்த்து நின்றன. இரத்தத்தில் பரவும் இயல்பு மிகுந்த வகை இது.

2005-ல் பொரிப்பகத்தார் தாமாகவே ஒன்றுகூடி அவ்வழக்கத்தை நிறுத்தினர். 62 என்பது 7-ஆகக் குறைந்தது. நோயாளரிடமும் அத்தகைய கிருமி அருகிற்று. 2007-ல் மருந்து ஓரளவு மீண்டும் புழக்கத்துக்கு வரவே, அத்தொகை 20-ஆக உயர்ந்தது. இறுதியில் 2014-ல் கனடா முழுவதிலும் கோழி வளர்ப்போர் அத்தடுப்பு முறையைக் கைவிட்டனர்.

ஒருவர் நிறுத்தி அடுத்தவர் தொடர்ந்தால் பயனில்லை. கிருமிக்கு வேலி ஏது? ஆகவே, கோழி வளர்க்கும் அங்கத்தினர் உள்ள ஒவ்வொரு சங்கமும், நோயற்ற பறவைக்கு மருந்து கலந்த தீவனம் இடுவதில்லை என மகாசபையில் தீர்மானித்து, கொட்டிலின் தூய்மையிலும் தடுப்பூசியிலும் கருத்தைச் செலுத்துதல் வேண்டும் என நாம் கருதுகிறோம். நோயுற்ற பறவைக்குக் கால்நடை மருத்துவர் சொற்படி மட்டுமே மருந்திடுவோமாக.