மொட்டைக் கடுதாசிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா? எம்.எல்.எம். பத்தி ஃபேக் ஐடியில எழுதுறதுக்கு முன்னாடி

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊரு ராயகிரி. தென்காசி மாவட்டம், சிவகிரி, சங்கரன்கோவில் பக்கம். அங்க என் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். பேர் வேண்டாம். ஏன் வேண்டாம்னு எபிசோட் முடியுறதுக்குள்ள உங்களுக்கே புரியும்.

அவனோட மைனி, அதாவது அண்ணன் பொண்டாட்டி, ஒரு டைரக்ட் செல்லிங் கம்பெனியில சேர்ந்து 38,000 ரூபாய்க்கு சத்துமாவும் சோப்பும் வாங்கி வச்சிருக்காங்க. "கீழ ரெண்டு பேரைச் சேர்த்து விடுங்க போதும், அப்புறம் தானா வரும்"னு சொல்லியிருக்காங்க. ஒண்ணும் வரல. நம்மாளுக்குக் கோபம். புதுசா ஒரு இன்ஸ்டா ஐடி ஆரம்பிச்சு, மைனி போன்ல இருந்த வாட்ஸ்அப் குரூப் ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டு, சேர்த்துவிட்டவரோட போன் நம்பரையும் போட்டு, "இவன் திருடன், இது ஃப்ராடு கம்பெனி"னு எழுதிட்டான். சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டது. ஏழரைக்கெல்லாம் அந்த ஆளு வீட்டு வாசல்ல நிக்கிறார், கேஸ் போடுவேன்னு.

"மாப்ள, வி.பி.என். போட்டிருந்தா தப்பிச்சிருப்பேன்லா?"னு கேட்டான்.

"இல்லடே. அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பாரு. வலது பக்கம் பச்சைக் கட்டத்துல 'சரிங்க சார், நாளைக்கு வாரேன்'னு இருக்கு. குரூப்ல அதை டைப் பண்ணது யாரு? உங்க மைனி மட்டும்தான்."

வாட்ஸ்அப்ல நம்ம மெசேஜ் வலது பக்கம் வரும். அது போதும், யார் போன்ல எடுத்த படம்னு சொல்லிடும். போலீஸும் வேண்டாம், சைபர் கிரைமும் வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் வக்கீல் இல்ல, சாஃப்ட்வேர் எஞ்சினியர். கேஸ்னு வந்தா வக்கீலைப் பாருங்க. ஆனா ஒரு பதிவு போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டியதை இன்னிக்குப் பேசிடலாம்.

யார்கிட்ட இருந்து மறையுறோம்?

பேரை மறைக்கிறதுன்னா மூணு பேர்கிட்ட இருந்து மறைக்கிறோம். ஒண்ணு, நம்மளைத் தெரிஞ்சவங்க. ரெண்டு, அந்தக் கம்பெனி. மூணு, போலீஸும் நீதிமன்றமும்.

முதல் ஆள்தான் கஷ்டம். சின்ன ஊர்ல "எங்க தெருவுல ஒரு டீச்சர்"னு எழுதினாலே ஆள் தெரிஞ்சிடும். இதுக்கு டெக்னாலஜியில தீர்வு கிடையாது.

ரெண்டாவது ஆள், கம்பெனி. அவங்க நேரா இன்ஸ்டாகிராம்கிட்ட போய் "இந்த ஐடி யாரோடது"னு கேட்டா, சட்டப்படி சொல்லணும்ங்கிற கட்டாயம் எதுவும் இல்லை. நீதிமன்றம் மூலமாத்தான் வரணும். எதிர்க்கட்சிக்காரர் பேர் தெரியாட்டியும் வழக்குப் போடலாம். வெளிநாட்டுல 'ஜான் டோ' ஆர்டர்னு சொல்லுவாங்க, நம்ம ஊர்ல அதுக்கு 'அசோக் குமார்' ஆர்டர்னு பேரு. 2012-ல '3' படம் வந்தப்ப, திருட்டுத்தனமா நெட்ல ஏத்துறவங்களுக்கு எதிரா சென்னை உயர் நீதிமன்றத்துல வாங்கினது இந்த மாதிரி ஆர்டர்தான். அவதூறு வழக்குலயும் இதே வழியில வந்து, "இந்தக் கணக்கோட விவரத்தைக் கொடுங்க"னு தளத்துக்கு உத்தரவு கேட்கலாம்.

மூணாவது ஆள், அரசு. 2021 ஐ.டி. விதிகள்படி, அதிகாரம் பெற்ற அரசு அமைப்பு எழுத்துல உத்தரவு கொடுத்தா, 72 மணி நேரத்துக்குள்ள தளம் விவரம் கொடுக்கணும். நீங்க கணக்கை டெலீட் பண்ணாலும், பதிவு விவரங்களை 180 நாள் அவங்க வச்சிருக்கணும். ஃபேக் ஐடினு நாம சொல்றோம், ஆனா அது பின்னாடி இருக்கிற போன் நம்பர் ஆதார் காட்டி வாங்கின சிம். அதுல ஃபேக் எதுவும் இல்ல.

வி.பி.என்.? 2022 ஏப்ரல் 28-ல செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டுச்சு. வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளர் பேர், முகவரி, ஐபி விவரங்களை 5 வருஷம் வச்சிருக்கணும்னு. அதுக்கப்புறம் சில கம்பெனிகள் இந்தியாவுல இருந்த சர்வர்களையே எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்படிப்பட்ட ஒண்ணைப் பயன்படுத்தினாலும், நீங்க ஒரே ஒரு தடவை வி.பி.என். இல்லாம லாகின் பண்ணா அந்த ஐபி அட்ரஸ் பதிவாயிடும்.

சுருக்கமா சொன்னா, பேரை மறைக்கிறது நமக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்கும். அதைத் தாண்டி அதை நம்ப முடியாது.

அந்தரங்க உரிமை இருக்கே?

இருக்கு. 2017 ஆகஸ்ட் 24-ல புட்டசாமி வழக்குல உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமைனு சொன்னாங்க. ஆனா 'எந்தச் சூழ்நிலையிலும் என் பேரைச் சொல்லக் கூடாது'னு அதுக்கு அர்த்தம் இல்லை. சட்டம் இருந்து, நியாயமான காரணம் இருந்து, அளவோட இருந்தா அந்த உரிமையில அரசு தலையிடலாம்.

2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. விதிகள் 2025 நவம்பர்ல வந்தன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதுல இருந்து 18 மாசம் அவகாசம். அந்தச் சட்டத்துலயும், சட்ட உரிமையை நிலைநாட்டுறதுக்குத் தரவு தேவைப்பட்டா விலக்கு உண்டு. அதனால அவதூறு வழக்கு வந்தா இதைக் கேடயமாப் பிடிக்க முடியாது.

அப்ப எதுதான் காப்பாத்தும்?

நீங்க எழுதினது என்னங்கிறதுதான்.

அவதூறு இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. 2 வருஷம் வரை சிறை, அபராதம், இல்லைனா சமூக சேவை. கம்பெனியும் 'என் பேர் கெட்டுச்சு'னு புகார் கொடுக்கலாம். ஆனா இது போலீஸ் தானா எஃப்.ஐ.ஆர். போட்டு வீட்டுக்கு வந்து தூக்குற குற்றம் இல்லை. பாதிக்கப்பட்டவங்க மாஜிஸ்திரேட்கிட்ட புகார் கொடுக்கணும். வாசல்ல வந்து "ஒரு போன் போட்டா உள்ள தூக்கிப் போடுவாங்க"னு யாராவது சொன்னா, இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்தப் பிரிவுலயே பத்து விதிவிலக்கு இருக்கு. முதல் விதிவிலக்கு: சொன்னது உண்மையா இருந்து, பொது நன்மைக்காகச் சொல்லியிருந்தா அவதூறு இல்லை. பத்தாவது விதிவிலக்கு: ஒருத்தரோட நன்மைக்காகவோ பொது நன்மைக்காகவோ நல்லெண்ணத்தோட கொடுக்கிற எச்சரிக்கை அவதூறு இல்லை. "அக்கா, சேர்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க"னு சொல்றோமே, அதுக்கு இவ்வளவு பொருத்தமான வரி சட்டத்துல இருக்குனு எனக்கே படிச்சப்பதான் தெரிஞ்சது.

ஆனா இந்த விதிவிலக்குகளை நிரூபிக்க வேண்டியது நாம. அதனால எப்படி எழுதுறோம்ங்கிறதுல இருக்கு. "ஃப்ராடு கம்பெனி"ங்கிறது தீர்ப்பு. "38,000 கட்டினோம், எட்டு மாசத்துல 2,100 வந்துச்சு, ரசீது இருக்கு"ங்கிறது நடந்தது. முதல் வரிக்கு ஆதாரம் காட்டப் பெரிய பாடு படணும். ரெண்டாவது வரிக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் போதும். படிக்கிறவங்களுக்கும் ரெண்டாவது வரிதான் உறைக்கும்.

அரசுப் பதிவுகளை அப்படியே சொல்றதும் பாதுகாப்பான வழி. உதாரணம், 2022 ஏப்ரல்ல அமலாக்கத்துறை ஆம்வே இந்தியாவோட 757.77 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கினதா அறிவிச்சது. இதைச் சொல்லலாம். ஆனா முடக்கினது தண்டனை இல்லை, அது குற்றச்சாட்டு நிலைங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும். அதே மாதிரி, 2021 டிசம்பர்ல வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டத்தையும் பணச் சுழற்சித் திட்டத்தையும் தடை செய்யுது. பணச் சுழற்சியை 1978 சட்டமே தடை பண்ணிடுச்சு. "பொருள் வித்து வருமானமா, ஆள் சேர்த்து வருமானமா?"னு விதியைக் காட்டிக் கேள்வி கேளுங்க. கேள்வி கேட்கிறதுல அவதூறு வர்றது ரொம்பக் கஷ்டம்.

பெரிய கம்பெனி வழக்குப் போட்டு வாயை மூட வைக்கிறதும் நடக்கும். 2024 மார்ச்ல ப்ளூம்பெர்க்–ஜீ வழக்குல, விசாரணை நடக்குறதுக்கு முன்னாடியே ஒரு கட்டுரைக்குத் தடை போட்டதை உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. அப்படித் தடை கொடுக்கிறதுல ரொம்பக் கவனமா இருக்கணும்னு கீழ் நீதிமன்றங்களுக்குச் சொன்னாங்க.

செய்யக் கூடாதது

மத்தவங்க போன் நம்பர், முகவரி, குரூப்ல இருக்கிறவங்க பேர், போட்டோ, எதையும் போடாதீங்க. அந்தக் குரூப்ல இருக்கிற பாதிப் பேர் உங்க மைனி மாதிரி ஏமாந்தவங்கதான். நமக்கு அந்தரங்கம் வேணும்னா அவங்களுக்கும் வேணும்.

புனைப்பேர் வேற, ஆள்மாறாட்டம் வேற. 'ராயகிரிக்காரன்'னு ஐடி வச்சா தப்பில்லை. உண்மையா இருக்கிற இன்னொருத்தர் பேர்லயோ கம்பெனி பேர்லயோ வச்சா தளமே தூக்கிடும், வழக்கும் வரலாம்.

மிரட்டல் வேண்டவே வேண்டாம். பேரை மறைச்சுக்கிட்டு மிரட்டினா, மிரட்டலுக்கான தண்டனையோட கூடுதலா 2 வருஷம் வரை சேரும். அந்த இடத்துல முகமூடி நமக்கே எதிரா திரும்பிடும்.

முகமூடி ரெண்டு பக்கமும் வேலை செய்யும்

அமெரிக்காவுல ஒரு வழக்கு உண்டு. 'டீம்'னு ஒரு எம்.எல்.எம். சம்பந்தப்பட்ட கம்பெனி. 2010 வாக்குல, இவங்க ஆளுங்க பேர் சொல்லாம நெட்ல எழுதி எங்க பேரைக் கெடுக்கிறாங்கன்னு, ஆம்வேயோட இன்னொரு பேரான க்விக்ஸ்டார் வழக்காடி, எழுதினவங்க அடையாளத்தைக் கேட்டுச்சு. அஞ்சு பேர்ல மூணு பேர் விவரத்தைக் கொடுக்கச் சொன்ன உத்தரவுல மேல்நீதிமன்றம் தலையிடல. சில வருஷம் கழிச்சு அதே டீம் கம்பெனி, தன்னை விமர்சிச்ச ஒரு முகம் தெரியாத ஆளோட அடையாளத்தைக் கேட்டு நீதிமன்றம் போச்சு. அவர் அவங்க புத்தகத்தை அனுமதி இல்லாம நெட்ல கிடைக்கச் செஞ்சிருந்தார். கவனிங்க, அவரைச் சிக்க வச்சது விமர்சனம் இல்லை, காப்பிரைட். 2017 நவம்பர்ல மேல்நீதிமன்றம், வழக்குல தோத்தவங்க பேர் பொதுவா வெளிய வரணும், ஆனா அவரோட பேச்சுரிமையையும் எடை போட்டுப் பாருங்கன்னு கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்புச்சு.

நம்ம ஊர்ல நீதிமன்றத்தை விட ஊர்தான் பெரிய பயம். 2024 ஜனவரியில கோவையில மைவி3 ஆட்ஸ் நிறுவனத்து மேல போலீஸ் வழக்குப் பதிவு பண்ணப்ப, நிறுவனத்துக்கு ஆதரவா நீலாம்பூர்ல ஆயிரக்கணக்கானோர் கூடினாங்க. அந்த வழக்கைப் பத்தி நான் தீர்ப்பு சொல்ல வரல. பணம் போட்டவங்களே கம்பெனிக்காக வந்து நிப்பாங்கங்கிறதைச் சொல்றேன். அவங்க நடுவுல இருந்துக்கிட்டு பேரோட எழுதுறது சும்மா இல்லை. அதனால பேரை மறைக்கிறவங்களை நான் கோழைனு சொல்ல மாட்டேன். மறைச்சு எழுதுங்க. ஆனா நாளைக்குப் பேர் வெளிய வந்தாலும் "ஆமா, நான்தான் எழுதினேன்"னு சொல்ற மாதிரி எழுதுங்க.

என் ஃப்ரெண்ட் அன்னிக்கு ராத்திரியே பழைய பதிவை எடுத்துட்டான். நம்பரைப் போட்டதுக்கு அந்த ஆளுகிட்ட மன்னிப்பும் கேட்டான். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து ஆறு வரி எழுதினோம்: கட்டினது எவ்வளவு, வந்தது எவ்வளவு, கணக்கு மட்டும். மைனிகிட்ட காட்டினோம். படிச்சுட்டு, "இதை என் பேர்லயே போடுங்க தம்பி. என் காசுதான?"னு சொன்னாங்க. அடுத்த நாள் 1915, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் அவங்களே போன் பண்ணிப் புகார் கொடுத்தாங்க.

பணம் இன்னும் வரல. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை சங்கரன்கோவில் மண்டபத்துல நடந்த மீட்டிங்குக்குப் போக இருந்த பக்கத்து வீட்டு அக்கா, முதல்ல மைனிகிட்ட வந்து கணக்கைக் கேட்டுட்டுப் போயிருக்காங்க.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கணக்கு இருந்தா எழுதி அனுப்புங்க. பேர் போட வேண்டாம், நம்பரையும் மறைச்சுடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.