தமனியைத் திறத்தலும் மூடுதலும்

நெஞ்சைப் பிளக்காமல் இதயத்தை எட்ட, தொடைத் தமனியே நெடுங்காலம் வாயிலாக இருந்து வந்தது. தமனியில் குருதி மிகுந்த அழுத்தத்துடன் ஓடுகிறது. ஆகவே, உள்ளே செல்வதைக் காட்டிலும் வெளியேறுவதே இடர் மிக்கது.

முன்னாளில் தடித்த ஊசியின் உள்ளே செலுத்துகுழாயை நுழைத்தனர். (‘கேத்திட்டர்’ என வழங்குவதையே இவ்வாறு குறிக்கிறேன்.) அதனால் துளை குழாயைவிடப் பெரிதாயிற்று. சுவீடன் நாட்டுக் கதிரியல் மருத்துவர் சுவென் இவார் செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட முறை இக்குறையை நீக்கியது. ஊசியின் வழியே வளைந்துகொடுக்கும் கம்பியொன்றைத் தமனிக்குள் விடுவர்; ஊசியை உருவிவிட்டு, அக்கம்பியின் மேலேயே குழாயைச் செலுத்துவர்; பின்னர்க் கம்பியை எடுத்துவிடுவர். குழாயே துளையை அடைத்து நிற்கும். எத்துணை எளிய கருத்து! இன்றும் மருத்துவர்கள் இவ்வொழுங்கையே பின்பற்றுகின்றனர்.

மூடுவதற்கு விரலே முதற்கருவி. கால் மணி நேரமேனும் அழுத்திப் பிடித்து, நோயாளியைப் பல மணி நேரம் காலை மடக்காது படுக்கவைப்பர். கசியும் குருதி அடிவயிற்றின் பின்னே மறைவாகத் தேங்கினால் உயிருக்கே கேடு நேரும். கனடாவின் லூசியன் காம்போ 1989இல் மணிக்கட்டுத் தமனி வழியைக் காட்டினார். அத்தமனி எலும்பின்மேல் ஆழமின்றி அமைந்திருப்பதால் ஒரு பட்டையே அழுத்தத்திற்குப் போதும்.

ஆயினும், இதய வால்வை மாற்றும் தடித்த குழாய்க்கு மணிக்கட்டுத் தமனி இடங்கொடாது. தொடைத் தமனியில் 5 மில்லிமீட்டரையும் கடக்கக்கூடிய அத்துளைக்கு விரலழுத்தம் மட்டும் போதாது. ஆகவே, பெருங்குழாயை நுழைக்குமுன்னரே தமனிச்சுவரில் தையல் நூல்களை இட்டு வைக்கின்றனர்; சிகிச்சை முடிந்து குழாயை உருவும்போது அவற்றின் முடிச்சுகளை இறுக்குகின்றனர்.