மருந்து கிடைக்காத எலியின் வேலை

ஒரகடத்தில் உள்ள சோதனை மையத்தில், புதுக் கார்களை வேண்டுமென்றே மோதவிட்டுப் பார்ப்பார்கள். அதே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையிலும் ஒரு ஆய்வு நிறுவனம் உண்டு. வேதிப்பொருள்கள் உடலுக்குக் கெடுதலா என்று அங்கே சோதிக்கிறார்கள். கார் மோதினால் கண்ணெதிரே தெரிந்துவிடும். ஆனால் ஒரு மருந்து வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்?

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதன் நிறத்துக்குக் காரணம் குர்குமின் என்ற பொருள். காயத்துக்கு மஞ்சள் பூசுகிறோமே, குடல் புண்ணுக்கும் அது உதவுமா?

பெருங்குடல் அழற்சி என்றொரு நோய் உண்டு. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே குடல் சுவரில் வந்து குவிந்து அதைப் புண்ணாக்கிவிடும். வயிறு வலிக்கும், பேதியாகும், ரத்தமும் போகும்.

கொல்கத்தாவில் உள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தினர் இந்த நோய்க்குக் குர்குமின் உதவுமா என்று சுண்டெலிகளிடம் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். சில எலிகளுக்கு 10 நாள் முன்பிருந்தே குர்குமின் கொடுத்தார்கள். பிறகு ஒரு வேதிப்பொருளால் குடலில் அழற்சியை உண்டாக்கினார்கள். குர்குமின் சாப்பிட்ட எலிகளுக்குப் பேதி குறைந்தது. குடல் சுவரில் சேதமும் குறைந்தது.

குறைந்தது என்றால், எதைவிட? இங்கேதான் மருந்து கிடைக்காத எலிகள் வருகின்றன. அவற்றுக்கும் அதே அழற்சி, ஆனால் குர்குமின் இல்லை. அவை இல்லாவிட்டால், புண் தானாக ஆறியதா, மஞ்சளால் ஆறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. எலிக்கும் வலிக்கும் அல்லவா? அதனால் எத்தனை எலிகள் தேவை, ஏன் தேவை என்று விளக்கி, நெறிமுறைக் குழுவிடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும்.

எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்குமா? ஜப்பானில் இதே நோய் வந்து தணிந்திருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எல்லோரும் வழக்கமான மருந்தை விடாமல் சாப்பிட்டார்கள். கூடவே ஒரு குழுவுக்குத் தினமும் 2 கிராம் குர்குமின், மற்றதற்குக் குர்குமின் இல்லாத வெறும் மாத்திரை. 2006இல் வெளியான முடிவு இது: 6 மாதத்தில், குர்குமின் குழுவில் 43 பேரில் 2 பேருக்கு நோய் திரும்பியது. மற்ற குழுவில் 39 பேரில் 8 பேருக்கு.

அதற்காக மஞ்சள் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள்! 100 கிராம் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 கிராம்தான். அளவு மீறினால் கல்லீரல் கெடவும் வாய்ப்புண்டு. வயிற்றுக் கோளாறுக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இனி யாராவது “இதைச் சாப்பிட்டேன், நோய் பறந்துபோச்சு” என்றால், “சாப்பிடாதவங்களுக்கு என்ன ஆச்சு?” என்று கேளுங்கள்.