துணைக்காரணியும் நெற்பயிரும்

பயிரின் உடலில் நிகழும் ரஸாயன மாறுதல்களை நடத்துவன நொதிகள் என்னும் புரதப் பொருள்களாம். அவற்றுட் பல தனித்து வேலை செய்யா. ஓர் உலோகமோ, வைட்டமினிலிருந்து உண்டாகும் பொருளோ உடன் சேர்தல் வேண்டும். அவ்வாறு சேர்வதற்கே துணைக்காரணி, அதாவது கோபாக்டர், என்று பெயர். கலப்பை எவ்வளவு உறுதியாயிருப்பினும் கொழுவின்றி உழாதன்றோ? துணைக்காரணி வேண்டுவது மிகச் சிறிதளவே; ஆயினும் அதன் வேலையை உரத்தின் மிகுதி செய்துவிடாது.

நீர் தேங்கிய வயலில் பிராணவாயு குறையுங்கால் நெல்வேர் உயிர்தரிக்க உதவும் நொதியொன்றிற்குத் துத்தநாகமே துணைக்காரணி. அது குறைந்தால், நட்ட சில வாரங்களில் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றும். இமயமலை அடிவாரத்துத் தராய் நிலங்களில் 'கைரா' எனப்பட்ட இந்நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணமென்று 1966-ல் டாக்டர் ஒய். எல். நேனே வெளியிட்டார்.

இக்குறை கண்ட வயலில் தழைச்சத்தை மட்டும் மேலும் இடுவதால் செலவே மிஞ்சும். மண்ணைப் பரிசோதித்து, குறையிருப்பின் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக ஸல்பேட்டை 50 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, நடவுக்குச் சற்று முன்னர் வயலில் சீராகத் தூவுக. மணிச்சத்து உரத்துடன் அதனைக் கலத்தலாகாது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பாராக.